அணு அகலத்தில் ஒரு கான்டாக்ட்

(ஆர்.எஸ்.புரத்தில் பொதுமக்களுக்காக ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



காந்தம் ஓர் உலோகத்தின் மின்தடையை எப்படி மாற்றுகிறது என்பதுதான் இன்றைய பொருள். அதிலும், இரண்டு உலோகத் துண்டுகள் தொட்டுக்கொள்ளும் இடம் சில அணுக்கள் அகலமே இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றிப் பேசப் போகிறேன். கேட்பதற்கு எங்கோ வெளிநாட்டு ஆய்வகத்துச் சமாச்சாரம் போலத் தோன்றும். ஆனால் இதைப் பேசக் கோயம்புத்தூரை விடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்து காட்டிய ஊர் இது. பம்ப்செட்டும் ஸ்டார்ட்டரும் தெரியாத குடும்பம் இந்த வட்டாரத்தில் குறைவு.

தோட்டத்தில் மோட்டார் எடுக்கவில்லை என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், அவர் மோட்டாரிடம் உடனே போவதில்லை. ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்றி, "பாயிண்ட் கருகியிருக்குதுங்களான்னு பாத்துக்கலாமுங்க" என்கிறார். அது சரியான இயற்பியல். மூடியிருக்கும் இரண்டு பாயிண்ட்டுகள், அதாவது கான்டாக்ட் முனைகள், முழுப் பரப்பும் ஒட்டியிருப்பதாகக் கண்ணுக்குத் தெரியும். நுண்ணோக்கியில் பார்த்தால் எவ்வளவு வழவழப்பாகத் தேய்த்த உலோகமும் மேடும் பள்ளமும்தான். அந்த மேடுகளில் சில மட்டும் எதிர்ப்பக்கத்து மேடுகளைத் தொடுகின்றன. மோட்டாருக்குப் போகும் மின்சாரம் முழுவதும் அந்தச் சில புள்ளிகள் வழியே நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. தொடும் புள்ளி சிறுத்தால் தடை கூடும். தடை கூடினால் சூடு. சூடு மிஞ்சினால் கருகல். இந்த ஒரு விஷயத்தையே வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டவர் ஸ்வீடன் நாட்டு இயற்பியலாளர் ராக்னர் ஹோல்ம்.

அதே ஸ்டார்ட்டருக்குள் ஒரு காயிலும் இருக்கிறது. பச்சைப் பொத்தானை அழுத்தினால் காயில் காந்தமாகி இரும்பை இழுக்கிறது, அந்த இரும்பு பாயிண்ட்டுகளை மூடுகிறது. காந்தம் வருவதற்கு முன்னால் பாயிண்ட்டுக்கு இடையிலான தடை கிட்டத்தட்ட எல்லையற்றது. வந்த பிறகு அது ஓர் ஓமில் சிறு பின்னம். காந்தத்தால் மின்தடை பல கோடி மடங்கு மாறிவிட்டது என்று இதைச் சொன்னால் கணக்குப்படி தவறில்லை. ஆனால் உலோகத்தின் உள்ளே எதுவும் மாறவில்லை. காந்தம் உலோகத்தை நகர்த்தியது, அவ்வளவுதான். உலோகம் உள்ளுக்குள் மாறுவது ஒன்று, உலோகம் நகர்வது வேறொன்று. சுமார் 20 ஆண்டுகளுக்கு முன் நானோ அளவுத் தொடுமுனைகளை ஆராய்ந்தவர்கள் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாமல் பல ஆண்டுகள் வாதாடினார்கள். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில், உள்ளுக்குள் நடக்கும் மாற்றம். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்டவர், 1856-இல் இரும்பையும் நிக்கலையும் காந்தப்படுத்தி அவற்றின் தடையை அளந்தார். காந்தத்தின் திசையும் மின்சாரத்தின் திசையும் ஒன்றாக இருந்தால் தடை சற்றுக் கூடியது. ஒன்றுக்கொன்று குறுக்காக இருந்தால் சற்றுக் குறைந்தது. இந்த மாற்றம் நூற்றுக்குச் சில பங்குதான், அதற்கு மேல் இல்லை. காரணம் புரிவதற்குக் குவாண்டம் இயற்பியல் வரவேண்டியிருந்தது. எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சி என்றொரு பண்பு உண்டு. காந்தத்தின் வேரே அதுதான். அந்தத் தற்சுழற்சி, அணுவைச் சுற்றிய எலக்ட்ரானின் இயக்கத்தோடு பிணைந்திருக்கிறது. ஆகவே காந்தத்தின் திசையைத் திருப்பினால் அணுவைச் சூழ்ந்த எலக்ட்ரான் மேகத்தின் வடிவமும் கொஞ்சம் மாறுகிறது; அந்த வழியே ஓடிவரும் எலக்ட்ரான் சிதறும் வாய்ப்பும் மாறுகிறது.

காந்தம், மின்தடை என்ற இரண்டையும் ஒரே வாழ்நாளில் ஆழமாக ஆராய்ந்த ஒரு தமிழரை இங்கே நினைவுகூராமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். சி.வி. ராமனின் ஒளிச்சிதறல் ஆராய்ச்சியில் கூட இருந்தவர் என்ற அளவில் பலருக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் செய்தவை நம் பள்ளிப் புத்தகங்களில் போதிய இடம் பெறவில்லை என்பது என் எண்ணம். 1928-இன் இறுதியில் டாக்காவுக்குப் போனார். சின்னஞ்சிறு படிகங்களை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டு, காந்தப் புலத்தில் அவை எவ்வளவு திரும்புகின்றன என்று அளந்தார். படிகத்தின் காந்தப் பண்பு திசைக்குத் திசை வேறுபடுவதைக் கொண்டு, உள்ளே மூலக்கூறுகள் எப்படிச் சாய்ந்து அடுக்கப்பட்டிருக்கின்றன என்றே அவரால் சொல்ல முடிந்தது. 1942-இல் அலகாபாத் சென்ற பின் அவர் கவனம் உலோகங்களின் மின்தடைக்குத் திரும்பியது. ஏ.பி. பாட்டியாவோடு சேர்ந்து 1945-இல் உருகிய உலோகங்களின் தடையைப் பற்றி எழுதினார். ஒழுங்கற்ற ஊடகத்தில் ஒளி சிதறுவதைக் கணக்கிட்டுப் பழகிய கண், ஒழுங்கற்ற உலோகத்தில் எலக்ட்ரான் அலை சிதறுவதையும் அதே முறையில் பார்த்தது. 1947 முதல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் அவர்தான். அவருடைய குவார்ட்ஸ் இழைக்குச் சற்று நேரம் கழித்து வருகிறேன்.

கெல்வின் கண்ட மாற்றம் 130 ஆண்டுகள் பெரிதாக வளரவில்லை. 1988-இல் பிரான்சில் ஆல்பர்ட் ஃபெர்ட் குழுவும் ஜெர்மனியில் பீட்டர் குரூன்பெர்க் குழுவும் இரும்பையும் குரோமியத்தையும் நானோமீட்டர் கனத்தில் அடுக்கி, பக்கத்துப் பக்கத்து இரும்பு அடுக்குகளின் காந்தத் திசையை மாற்றினார்கள். ஃபெர்ட்டின் அடுக்குகளில், கடுங்குளிரில், தடை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 1997-இல் ஐ.பி.எம். நிறுவனம் இதை ஹார்ட் டிஸ்க்கின் படிக்கும் முனையில் வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2007-இல் இருவருக்கும் நோபல் பரிசு. இடையில் 1995-இல், இரண்டு காந்த அடுக்குகளுக்கு நடுவே மின்காப்புப் படலம் ஒன்றை வைத்து, அறை வெப்பநிலையிலேயே நூற்றுக்குப் பத்துக்கு மேல் மாற்றம் காட்டினார் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜெகதீஷ் மூடேரா. அவர் முனைவர் பட்டம் பெற்றது சென்னை ஐ.ஐ.டி.யில். அதே ஆண்டு ஜப்பானில் மியாசாக்கியும் அதைக் கண்டார்.

இவை எல்லாம் திடமான ஓர் அடித்தட்டில் ஒட்டிப் படிந்த படலங்கள். அந்தப் படலங்களால் நகர முடியாது. இதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நானோ தொடுமுனை. செம்பில் ஓடும் ஓர் எலக்ட்ரான், அறை வெப்பநிலையில், சராசரியாக 40 நானோமீட்டர் போனால் ஒருமுறை சிதறும். தொடும் புள்ளியின் அகலம் அதைவிடச் சிறிதானால் எலக்ட்ரான் எங்கும் மோதாமல் ஒரே பாய்ச்சலில் மறுபக்கம் போய்விடும். மோதல் இல்லையென்றால் தடையும் இருக்கக்கூடாதே என்று கேட்கத் தோன்றும். இருக்கிறது. 1957-இல் ரோல்ஃப் லாண்டவர் தொடங்கிவைத்த சிந்தனை அதை விளக்குகிறது. இவ்வளவு குறுகிய இடத்தில் எலக்ட்ரான் அலைகள் தமக்கென உள்ள சில தடங்களில் மட்டுமே கடக்க முடியும். கணியூர் சுங்கச்சாவடியில் பின்னால் சாலை எவ்வளவு அகலமாக இருந்தாலும், எத்தனை லேன் திறந்திருக்கிறதோ அத்தனை வரிசை வண்டிகள்தானே கடக்கின்றன? முழுதாகத் திறந்த ஒரு தடத்தின் தடை ஏறத்தாழ 12,900 ஓம். உலோகம் எதுவானாலும் இந்த எண் மாறாது. எலக்ட்ரானின் மின்னூட்டமும் பிளாங்க் மாறிலியும் மட்டும் சேர்ந்து தரும் எண் இது. தங்கக் கம்பியை இழுத்து, கடைசி ஓர் அணு மட்டும் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும் கணத்தில் அளந்தால், ஏறக்குறைய இதே 12,900 ஓம் வருகிறது. உலகத்தில் யார் அளந்தாலும் வருகிறது. எனக்கு இதைவிட அழகான அளவீடு தெரியாது.

சாதாரண உலோகத்தில் ஒரு தடத்தில் இரண்டு வகைத் தற்சுழற்சி எலக்ட்ரான்களும் போகும். நிக்கல், கோபால்ட், இரும்பு போன்ற காந்த உலோகங்களில் இரண்டு வகைக்கும் தடங்கள் தனித்தனி. அப்படியானால், தொடுமுனையின் இடப்பக்கம் ஒரு திசையிலும் வலப்பக்கம் எதிர்த்திசையிலும் காந்தப்பட்டிருந்தால், ஒரு வகை எலக்ட்ரான் நுழையும் தடம் மறுபக்கம் அடைபட்டிருக்கும். தடை பெருகும். காந்தப் புலத்தால் இரண்டு பக்கத்தையும் ஒரே திசைக்குக் கொண்டுவந்தால் தடம் திறக்கும். பெரிய உலோகத் துண்டில் இப்படி நடக்காததற்குக் காரணம், ஒரு திசையிலிருந்து எதிர்த்திசைக்குக் காந்தம் மெதுவாக, பல பத்து நானோமீட்டர் தூரத்தில் திரும்புகிறது. எலக்ட்ரானும் கூடவே திரும்பிக்கொள்கிறது. 1999-இல் பாட்ரிக் புரூனோ, கழுத்துப் போன்ற குறுகிய இடத்தில் இந்தத் திருப்பம் அந்தக் கழுத்தின் அளவுக்கே சுருங்கிவிடும் என்று கணக்கிட்டுக் காட்டினார். அங்கே எலக்ட்ரானுக்குத் திரும்ப இடமில்லை.

அதே 1999-இல் மாட்ரிட் நகரில் நிக்கோலாஸ் கார்சியா குழு, இரண்டு நிக்கல் கம்பி முனைகளைத் தொடவைத்து, அறை வெப்பநிலையில், சிறிய காந்தப் புலத்திலேயே நூற்றுக்கு 200-க்கு மேல் தடை மாற்றம் கண்டதாக அறிவித்தது. 2002-இல் அமெரிக்காவின் பஃபலோவில் ஹர்ஷ் தீப் சோப்ராவும் சூசன் ஹுவாவும் 3,000 விழுக்காடு என்றார்கள். 2003-இல் 1,00,000 விழுக்காடு என்று ஒரு கட்டுரை வந்தது. அதாவது ஆயிரம் மடங்கு. ஹார்ட் டிஸ்க்கில் நூற்றுக்குப் பத்து, இருபது பங்கு மாற்றத்தை வைத்தே ஒரு பெருந்தொழில் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆயிரம் மடங்கு என்றால் எவ்வளவு ஆர்வம் கிளம்பியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இங்கேதான் ஸ்டார்ட்டர் காயில் திரும்ப வருகிறது.

காந்தப்படுத்தினால் உலோகத்தின் நீளமே மாறும் என்பதை ஜேம்ஸ் ஜூல் 1842-இல் கண்டறிந்தார். உங்கள் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் இரவும் பகலும் ரீங்காரமிடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். அதன் இரும்புத் தகடுகள் நொடிக்கு 100 முறை நீண்டு சுருங்குகின்றன. நிக்கல் காந்தப்பட்டால் அந்தத் திசையில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 35 பங்கு சுருங்கும். யாருக்குப் பெரிதாகத் தெரியும் இது? கணக்குப் போடுவோம். ஒரு மில்லிமீட்டர் நீள நிக்கல் கம்பி 35 நானோமீட்டர் சுருங்கும். நிக்கல் அணுவின் அகலம் கால் நானோமீட்டர். அப்படியென்றால் கம்பியின் நுனி சுமார் 140 அணு தூரம் பின்வாங்குகிறது. கம்பி ஒரு சென்டிமீட்டர் நீளமானால் 1,400 அணு. தொடும் இடமோ சில அணு அகலம். கம்பியை எங்கே பிடித்திருக்கிறோம், எந்தப் பசையால் ஒட்டியிருக்கிறோம், பிடித்த இடத்துக்கும் தொடும் இடத்துக்கும் நடுவே எவ்வளவு நீளம் சும்மா நிற்கிறது என்பதெல்லாம் முடிவைத் தீர்மானிக்கத் தொடங்கிவிடுகின்றன. இதோடு, காந்தப்பட்ட இரண்டு நுனிகளும் ஒன்றையொன்று இழுக்கும். மின்சாரம் ஓடும் கம்பி காந்தப் புலத்தில் வளையவும் செய்யும். தொடுமுனை ஒரு மயிரிழையில் லட்சத்தில் ஒரு பங்கு விலகினாலே போதும், தடை ஆயிரம் மடங்கு என்ன, லட்சம் மடங்கே மாறும். ஆய்வாளர்கள் அறியாமலே தங்கள் மேசையில் ஒரு கான்டாக்டரை, ஸ்டார்ட்டருக்குள் காயில் இழுத்துப் பாயிண்ட்டை மூடும் அதே அமைப்பை, செய்து வைத்திருந்தார்கள்.

அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனத்தில் வில்லியம் எகல்ஹாஃபும் அவரோடு வேலை செய்தவர்களும் இதைப் பொறுமையாகச் சோதித்தார்கள். கம்பியோடு கம்பி, மின்முலாம் பூசி வளர்த்த தொடுமுனை, தகட்டில் ஒட்டிய படலங்களுக்கு இடையிலான தொடுமுனை, காப்புப் படலத்தில் விட்ட ஊசித்துளை வழியே தொடும் படலங்கள் என்று ஒன்று விடாமல் செய்து பார்த்தார்கள். 2004-இல் வந்த அவர்கள் கட்டுரையின் முடிவு தெளிவானது: எந்த அமைப்பிலும் அந்தப் பெரும் விளைவுக்கு நம்பத்தகுந்த சான்று கிடைக்கவில்லை, காந்தத்தால் உலோகம் சுருங்குவது, இழுபடுவது, அசைவது ஆகியவை அதே போன்ற தோற்றத்தைத் தந்தன. அதே ஆண்டு நெதர்லாந்தின் லெய்டன் நகரத்தில் வான் ராய்டன்பீக் குழு இன்னொரு நம்பிக்கையையும் சோதித்தது. காந்த உலோகத் தொடுமுனையில் சரியாக அரைத் தடம் மட்டும் திறப்பதைக் கண்டதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். தூய வெற்றிடத்தில், கடுங்குளிரில் அளந்தபோது அது காணவில்லை. அதே அரைத் தட அடையாளத்தை, தொடுமுனையில் வாயு மூலக்கூறு வந்து ஒட்டினாலும் பெறலாம் என்று அவர்கள் காட்டினார்கள்.

இப்போது குவார்ட்ஸ் இழைக்கு வருகிறேன். கிருஷ்ணன் டாக்காவில் செய்ததும் காந்தம் ஒரு பொருளை அசைப்பதை அளப்பதுதான். ஆனால் அசைவுதான் தன் அளவீடு என்று அவருக்குத் தெரியும். இழையின் முறுக்கு எவ்வளவு, படிகம் எந்தக் கோணத்தில் தொங்குகிறது என்பதை எல்லாம் அவர் கணக்கில் கொண்டுவந்த பிறகே மூலக்கூறைப் பற்றிப் பேசினார். நிக்கல் கம்பிகளில் அசைவு இருந்தது, அதை யாரும் அளக்கவில்லை. ஆகவே அது எலக்ட்ரானின் கணக்கில் போய்ச் சேர்ந்தது. இந்த வேறுபாட்டை நான் பெரிதாக நினைக்கிறேன். 1999 கட்டுரையையோ 2003 கட்டுரையையோ எழுதியவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எண்கள் கருவியில் வந்த எண்கள்தான். அந்த எண்களுக்குச் சொன்ன காரணம்தான் நிற்கவில்லை.

அப்படியானால் அணு அகலத் தொடுமுனையில் காந்தத்துக்கு வேலையே இல்லையா என்று மாணவர்கள் கேட்கலாம். இருக்கிறது. 2005-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் வெலெவ், சிம்பல் முதலானோர் கெல்வினின் பழைய விளைவை அணு அளவில் கணக்கிட்டார்கள். காந்தத்தின் திசையைத் திருப்பும்போது, முன்பு சொன்ன எலக்ட்ரான் மேகத்தின் மாற்றத்தோடு எலக்ட்ரானின் ஆற்றல் நிலைகளும் சற்று நகர்கின்றன. பெரிய துண்டில் அது சில விழுக்காடு மாற்றமாகக் கரைந்துவிடும். அணு அகலத்தில் ஒரு முழுத் தடமே திறக்கலாம், மூடலாம். தடை வழுக்கிக்கொண்டு மாறாமல் படி வைத்து மாறும். 2006-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் போலோடினும் டான் ரால்ஃபும் நிக்கல்-இரும்புக் கலவையில், தொடுமுனை அசையாதபடி சிலிக்கான் மீதே அமைத்து, கடுங்குளிரில் அளந்தார்கள். காந்தத்தின் கோணத்தோடு தடை தெளிவாக மாறியது. தொடுமுனை அறுந்து எலக்ட்ரான்கள் இடைவெளியைத் தாவும் நிலையில் மாற்றம் 25 விழுக்காடு வரை போனது. சில மில்லிவோல்ட் மாற்றினாலே அதன் வடிவம் மாறியது. எலக்ட்ரான் அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதன் அடையாளம் அது என்று அவர்கள் விளக்கினார்கள்.

2007-இல் நெப்ராஸ்காவிலிருந்தே சொக்கலோவ் குழு, கோபால்ட் தொடுமுனையில் கணக்கு சொன்னபடியே படி வைத்த மாற்றத்தைக் கண்டதாக அறிவித்தது. உடனே ரால்ஃப் தரப்பிலிருந்து மறுப்பு வந்தது: ஓர் அணு இங்கிருந்து அங்கே தாவினாலும் இதே படி வரும். மறுபடியும் அதே கேள்வி, எலக்ட்ரானா அணுவா? 2009-இல் ஸ்பெயினின் அலிகாந்தேயில் இரும்பு, கோபால்ட், நிக்கல் தொடுமுனைகளில் யாரும் எதிர்பாராத இன்னொன்றைக் கண்டார்கள். ஜப்பானியர் ஜுன் கொண்டோ 1964-இல் விளக்கிய ஒரு விளைவு, வழக்கமாகக் காந்தமற்ற உலோகத்தில் கலந்த காந்த அணுவைச் சுற்றிக் காணப்படுவது, காந்த உலோகத்தின் நுனி அணுவிலேயே தெரிந்தது. கூட்டத்தை விட்டுத் தனித்து நிற்கும் அணு, தன் உலோகத்தின் குணத்தோடு நடந்துகொள்வதில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. நானோ தொடுமுனையில் காந்தம் மின்தடையை மாற்றுகிறது. குளிர்நிலையில், அசைவைக் கட்டுப்படுத்தி அளந்தால், சில பத்து விழுக்காடு அளவில். ஆயிரம் மடங்கு மாற்றம் என்றால் கம்பி நகர்ந்திருக்கிறது.

கடைசியாக, கல்லூரி மாணவர்களுக்கும் அவர்களுடைய ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தத் துறையின் முதல் படியை ஏறக் கோடிக்கணக்கில் கருவி தேவையில்லை. முன்பு சொன்ன கார்சியாவின் குழுவே 1995-இல், இரண்டு கம்பிகளைத் தொடவிட்டு மேசையைத் தட்டினாலே, அவை பிரியும் கணத்தில் தடம் தடமாக மின்கடத்தல் குறைவதைப் பார்க்கலாம் என்று காட்டியது. அந்தச் சோதனை இன்றும் நிற்கிறது. ராஜ வீதிப் பட்டறையில் இழுத்த இரண்டு சிறு துண்டுத் தங்கக் கம்பி, 0.1 வோல்ட் தரும் ஒரு சிறு சுற்று, தொடராக 1,000 ஓம் தடை ஒன்று, டிஜிட்டல் ஆசிலாஸ்கோப் ஒன்று. இவை நம் ஊர் இயற்பியல் துறைகளில் கிடைக்கக்கூடியவை. ஒரு தடம் மட்டும் திறந்திருக்கும்போது ஓடும் மின்னோட்டம் ஏழு மைக்ரோ ஆம்பியருக்குச் சற்று மேல். ஆயிரம் ஓம் தடையில் அது ஏழு மில்லிவோல்ட்டாகத் தெரியும். ஒரு முறை பார்த்தால் போதாது. ஆயிரம் முறை தட்டி, ஒவ்வொரு படியையும் எண்ணி, எந்த மதிப்பு அதிகம் வருகிறது என்று வரைந்து பாருங்கள். பிறகு செம்புக் கம்பியில் செய்யுங்கள். அது முடிந்த பின் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து செம்பில் மறுபடியும் செய்யுங்கள். அங்கே எதுவும் மாறக்கூடாது, மாறினால் உங்கள் அமைப்பு அசைகிறது. அதைச் சரிசெய்த பிறகே நிக்கலைத் தொடுங்கள். முடிவை எழுதும்போது, தடை எவ்வளவு மாறியது என்பதற்கு முன்னால், கம்பி எவ்வளவு நீளம், எங்கே எப்படிப் பிடித்திருந்தீர்கள் என்பதை எழுதுங்கள்.